வால்வின் இனிமை

பழைய வால்வு வானொலிப் பெட்டிகளின் இனிமை இக்காலத்துக் கருவிகளுக்கு வராது என்று சொல்லும் பெரியவர்களை நேயர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள வீதிகளில் இந்தப் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தது 1957ஆம் ஆண்டிலே. அந்தத் தளத்தில் தொழில் செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இவ்வூரில் வாழ்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் உயர்ந்ததொரு பலகையின்மேல் வீற்றிருந்த மரப்பெட்டியையும், ஆளியைத் திருப்பியபின் அது சூடேறிப் பேசத் தொடங்குமட்டும் காத்திருந்ததையும், நிலையம் சரியாகப் பிடிபட்டதும் குவிந்து காட்டிய பச்சைக் கண்ணையும் அவர்கள் வாய் ஓயாமல் வருணிப்பார்கள். மயில்வாகனனாரின் குரலை அந்தப் பெட்டியிலன்றோ கேட்க வேண்டும் என்று முடிப்பார்கள்.

அந்த இனிமை பெட்டியில் இருந்ததா, அன்றி அதைக் கேட்ட வயதில் இருந்ததா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள இப்பொழுது வழியும் பிறந்திருக்கிறது. ஒரு காலத்தில் செல்வர்க்கே உரியனவாயிருந்த வால்வு அம்பிளிபயர்கள், சீன நாட்டிலிருந்து மலிவாக வந்து இறங்குகின்றன. நடுத்தரமான கைத்தொலைபேசி ஒன்றின் விலைக்கும் குறைவாக ஒன்றை வாங்கிவிடலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ட்ரான்சிஸ்டர் கருவியிலேயே இசை கேட்டுப் பழகிய நான், அத்தகைய ஒன்றை வருவித்துச் சில மாதங்கள் கேட்டுப் பார்த்தேன். ஓய்வூதியத்தில் வாழ்பவனுக்கு அது சிறு தொகையன்று. அந்தத் தொகைக்கு ஒருவர் எதைப் பெறுகிறார், எதைப் பெறவில்லை என்பதையே இப்பேச்சில் சொல்ல எண்ணுகிறேன்.

வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட ஒரு கண்ணாடிக் குழல். அதனுள்ளே சூடேற்றப்பட்ட உலோகத்திலிருந்து இலத்திரன்கள் வெளிப்பட்டு, உயர்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும் வேறொரு தகட்டை நோக்கிப் பாய்கின்றன. 1904ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஃபிளெமிங் இந்த இரண்டு உறுப்புக்களைக் கொண்டே வால்வை அமைத்தார். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பி வலையை வைத்தார். வலையிலே சிறிதளவு மின்னழுத்தம் ஏறி இறங்கினால், அதைத் தாண்டிச் செல்லும் பெரிய ஓட்டமும் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. வாய்க்கால் மடையை ஒரு சிறுவன் கையால் அசைக்க, வயல் நிறையும் நீர் கூடிக் குறைவது போன்றது அது. கொழும்பிலே 1925ஆம் ஆண்டு டிசம்பரில் ஒழுங்கான ஒலிபரப்பைத் தொடக்கிவைத்த எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளர், முதல் உலகப்போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக்கொண்டு தம் ஒலிபரப்பியை அமைத்தார் என்று இலங்கை ஒலிபரப்பு வரலாறு கூறும். வானொலி நமக்குக் கடலிலிருந்தே வந்தது என்று துறைமுகத்து மக்களாகிய நாங்கள் உரிமை பாராட்டிக்கொள்ள இஃதொன்றே போதும்.

வால்வுக்கு வயது முடிந்துவிட்டது என்று எண்ணுவோரும் உளர். அப்படியன்று. திருகோணமலை நகருக்கு வடக்கே ஜெர்மானிய ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்ல 1980களில் ஓர் அஞ்சல் நிலையத்தை நிறுவி நடத்தியது. 2013ஆம் ஆண்டில் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளித்தது. ஆங்குள்ள சிற்றலை ஒலிபரப்பிகள் 250 கிலோவாட் வலுவுடையவை. உலகெங்கும் அத்தகைய பெருஞ் சிற்றலைக் கருவிகளின் இறுதி நிலையில் நின்று உழைப்பது மாபெரும் வால்வுதான். நம் சமையலறைகளிற் புகுந்துவிட்ட மைக்ரோவேவ் அடுப்பினுள்ளே சூட்டை உண்டாக்குவதும் வால்வுக் குலத்தைச் சேர்ந்ததே.

ட்ரான்சிஸ்டரைப் பழிக்காமல் வால்வைப் புகழ இயலாது என்று சிலர் கருதுகிறார்கள். அந்தக் கட்சியில் நான் சேரமாட்டேன். 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ட்ரான்சிஸ்டர் பிறந்தது. பார்டீன், பிராட்டேன், ஷாக்லி ஆகிய மூவரும் அதற்காக 1956இல் நோபல் பரிசு பெற்றனர். இது புத்தகத்திற் படித்த செய்தி. வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்களுக்கு ட்ரான்சிஸ்டரின் பெருமை வேறொரு வழியாலே தெரியும். 1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருண்டு கிடந்த ஆண்டுகளில், மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக்கொண்டு செய்தி கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட்டில் ஏறக்குறைய 3 வாட். என் வீட்டு வால்வு அம்பிளிபயரில் இருக்கும் இ.எல். 84 என்னும் வால்வு ஒன்றின் இழையை வெறுமனே சூடாக்குவதற்கே 4.8 வாட் வேண்டும். அந்த நாட்களில் வால்வுப் பெட்டியை மாத்திரம் நம்பியிருந்தால், போர் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக்கூட அறியாமல் எத்தனையோ குடும்பங்கள் இருந்திருக்கும்.

நிற்க. கருவிக்கு வருவோம்.

நான் வருவித்த அம்பிளிபயரில், இடமும் வலமுமான இரண்டு வழிக்கும் வழிக்கொன்றாக இரண்டு இ.எல். 84 வால்வுகளும், அவற்றுக்கு முன்னே ஓர் இ.சி.சி. 83 வால்வும் உள்ளன. இ.எல். 84 என்பது 1950களில் ஐரோப்பிய வானொலிப் பெட்டிகளில் நிறைந்திருந்த வகை. பிலிப்ஸ், முல்லார்ட் முதலிய நிறுவனங்கள் அதைச் செய்தன. இன்று சீனாவிலும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் செய்யப்படுகிறது. ஒற்றையாக வேலைசெய்யும்போது அது தரக்கூடிய பேரளவு வலு 5.7 வாட் என்று செய்தோரின் அட்டவணை சொல்லும். அதே அட்டவணையின் ஓரத்தில், அந்த வலுவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு திரிபு என்றும் எழுதியிருக்கும். விற்பவர்கள் முதலாவதை வாய் நிறையச் சொல்வார்கள், இரண்டாவதைச் சொல்லமாட்டார்கள். இரண்டு வாட்டுக்குள் நின்றுகொண்டால் திரிபு மிகவும் குறைந்துவிடும்.

இரண்டு வாட் எதற்குப் போதும் என்று கேட்பீர்கள். கடையில் 100 வாட், 200 வாட் என்று அச்சடித்த பெட்டிகளைக் கண்டு பழகிய நமக்கு அது வேடிக்கையாகவே தோன்றும். ஆனால் சிறியதொரு கூடத்தில் ஒருவர் அமைதியாக இருந்து பாட்டுக் கேட்பதற்கு ஸ்பீக்கருக்குச் செல்வது பெரும்பாலும் ஒரு வாட்டிலும் குறைவே. 8 ஓம் ஸ்பீக்கரின் முனைகளில் 1 வோல்ட் இருந்தால், அது வாட்டில் எட்டிலொரு பங்கு. அந்த எட்டிலொரு பங்கிலேயே பாடகரின் குரல் எதிரே இருந்து பாடுவது போலக் கேட்கும். தவிலோ மிருதங்கமோ திடீரென ஓங்கி ஒலிக்கும்போதுதான் பல மடங்கு வலு தேவைப்படுகிறது. ஆகவே வாட்டைவிட ஸ்பீக்கரே முக்கியம். ஒரு வாட்டுக்கு 90 டெசிபெல் ஒலிக்கும் ஸ்பீக்கரும் 84 டெசிபெல் ஒலிக்கும் ஸ்பீக்கரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். இரண்டாவதை முதலாவதின் அளவுக்கு ஒலிக்கச் செய்ய நான்கு மடங்கு வலு வேண்டும். சிறிய வால்வுக் கருவியை வாங்கி, 84 டெசிபெல் ஸ்பீக்கரோடு பூட்டிவிட்டு, வால்வு சரியில்லை என்று சொல்வது, மாட்டுவண்டியில் கருங்கல்லை ஏற்றிவிட்டு மாட்டை அடிப்பதற்கு ஒப்பாகும்.

இருவேறு கருவிகளை ஒப்பிட்டுக் கேட்பது எளிதன்று. சற்றே உரக்க ஒலிக்கும் கருவியைக் காது நல்லது என்று சொல்லிவிடும். உரப்பினால் வந்த வேறுபாடு என்று அதற்குத் தெரியாது. ஆதலால் 1000 அதிர்வெண் கொண்ட ஒரே சுரத்தை இரண்டிலும் ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்ட்டிமீட்டரை வைத்து, இரண்டையும் ஒரே வோல்ட் அளவுக்குக் கொண்டுவந்தேன். என் மருமகன் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, தன் மனம்போனபடி இதையும் அதையும் மாற்றி இணைத்தான். எது பாடுகிறது என்று எனக்குச் சொல்லவில்லை. வால்வுக் கருவியை ஸ்பீக்கரோ வேறு சுமையோ இல்லாமல் ஓடவிடுவது அதன் வெளியீட்டு மின்மாற்றிக்குக் கேடு என்பதனால், ஸ்பீக்கர் கழற்றப்பட்ட வேளையில் 8 ஓம் தடையொன்றை அதற்குச் சுமையாகக் கொடுத்தோம்.

முதலில் வாய்ப்பாட்டு. தணிந்த ஒலியில் டி. கே. பட்டம்மாளின் பழைய பதிவுகளைக் கேட்டேன். எது வால்வு, எது ட்ரான்சிஸ்டர் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சில இடங்களில் சரியாகச் சொன்னேன், சில இடங்களில் மாற்றிச் சொன்னேன். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் தேறியிருக்கும். திரையை நீக்கிவிட்டு, செந்நிறமாக ஒளிரும் குழல்களைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது, அதே பாட்டு வால்விலே மேலும் நெருக்கமாக ஒலித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கண் காதுக்குச் செய்யும் உபதேசம் அது.

அடுத்து நாகசுவரமும் தவிலும். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைப் போட்டபோது, திரை இருந்தும் என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. தொப்பியில் கோல் விழும் ஒலி வால்விலே சற்றுப் பருத்து, சற்றுத் தாமதித்து அடங்கியது. ட்ரான்சிஸ்டரில் அது வெட்டினாற்போல் நின்றது. நாகசுவரம் உச்சத்திற்குச் சென்று தவிலும் உடன் முழங்க, ஒலியையும் கூட்டிவிட்டபோது, வால்வு தடுமாறியது. ஆனால் அந்தத் தடுமாற்றம் காதைக் கிழிக்கவில்லை. மூச்சு முட்டிய பாடகர் குரலைச் சற்றே உள்வாங்கிக்கொள்வது போல இருந்தது. அதே அளவு வலுவுடைய சிறிய ட்ரான்சிஸ்டர் கருவி எல்லையைத் தாண்டினால் தகரத்தைத் தட்டியது போல ஒலிக்கும்.

இவற்றுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. ஸ்பீக்கரின் மேல் எழுதியிருக்கும் 8 ஓம் என்பது ஒரு பெயரளவான கணக்கு. தாழ்ந்த சுரங்களில் ஓரிடத்தில் அது 30 ஓம், 40 ஓம் வரையிலும் எழும்பிவிடும். ட்ரான்சிஸ்டர் கருவியின் வெளியீட்டுத் தடை மிகச் சிறியது. ஆதலின் ஸ்பீக்கர் எப்படி மாறினும் அது அதே வோல்ட்டைக் கொடுத்து, கூம்பை இறுகப் பிடித்து நிறுத்துகிறது. மலிவான வால்வுக் கருவியின் வெளியீட்டுத் தடை ஓரிரு ஓம் இருக்கக்கூடும். ஸ்பீக்கர் எழும்பும் இடத்தில் ஒலியும் எழும்புகிறது, பிடியும் தளர்கிறது. தொப்பி பருத்து ஒலித்தது இதனால்தான். தெட்சணாமூர்த்தி அப்படி வாசிக்கவில்லை. ஸ்பீக்கரும் வால்வும் கூடி அப்படி வாசித்தன.

இன்னொன்று திரிபின் இயல்பு. ஒற்றை வால்வு ஒரு சுரத்தைப் பெருக்கும்போது, அதன் இருமடங்கு அதிர்வெண்ணையும் சிறிது சேர்த்துவிடுகிறது. சங்கீதம் அறிந்தவர்களுக்கு இருமடங்கு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை: ஸட்ஜத்துக்கு மேல் ஸட்ஜம். தம்புராவின் தந்தியிலே இயல்பாகவே எழும் ஒலிகளுள் அதுவும் ஒன்று. அதைக் காது பகையாக எண்ணாது; குரல் சற்றுச் செழித்ததாகவே எண்ணும். மாறாக, 1960களில் வந்த ஆரம்பகால ட்ரான்சிஸ்டர் அம்பிளிபயர்கள், அலை மேலிருந்து கீழே கடக்கும் இடத்தில் இடறி, சுரத்தோடு ஒட்டாத உயர்ந்த ஒலிகளைச் சேர்த்தன. அதிலும் தணிந்த ஒலியிலேயே அந்தக் குறை மிகுதி. ட்ரான்சிஸ்டர் காய்ந்த குரல் உடையது என்ற அவப்பெயர் அந்த நாட்களில் ஒட்டியது. குறை நீங்கிப் பல பத்தாண்டுகளாகியும் பெயர் நீங்கவில்லை.

இங்கிலாந்தில் குவாட் என்னும் நிறுவனம் 1950களில் ஒரு வால்வு அம்பிளிபயரையும், பின்னர் இரண்டு ட்ரான்சிஸ்டர் அம்பிளிபயர்களையும் செய்து விற்றது. 1978ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மொய்ர் என்ற பொறியியலாளரின் மேற்பார்வையில் இம்மூன்றையும் மறைத்து வைத்து, பழகிய செவியுடைய கேட்போரைக்கொண்டு சோதித்தார்கள். எது எது என்று அவர்களாற் பிரித்தறிய முடியவில்லை. அவை மூன்றும் சிறந்த கருவிகள் என்பதை மறக்கலாகாது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாப் கார்வர் என்பவர் இதை மறுபுறமிருந்து காட்டினார். விலையுயர்ந்த வால்வு அம்பிளிபயர் ஒன்றின் வெளியீட்டை அளந்து, தமது மலிவான ட்ரான்சிஸ்டர் கருவியில் சிற்சில மாற்றங்கள் செய்து, இரண்டின் வெளியீட்டுக்கும் இடையே வேறுபாடே இல்லாத அளவுக்கு ஒத்துப்போகச் செய்தார். அவருடைய அறைகூவலை ஏற்ற இசைக்கருவிப் பத்திரிகையாளர்களே வேறுபாடு காண இயலாதவராயினர். வால்வின் இனிமை மந்திரமாயின் அதை இப்படிப் பிரதி செய்திருக்க முடியாது.

அப்படியானால் பழைய பதிவுகளை வால்விலேதான் கேட்க வேண்டும் என்பாருக்கு என்ன மறுமொழி? திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவருடைய மின்வழிப் பதிவுகள் வால்வுகளினூடாகவே பதியப்பட்டன. அந்த வால்வுகள் சேர்த்ததும் குறைத்ததும் இசைத்தட்டிலேயே உறைந்துவிட்டன. நம் வீட்டில் இன்னொரு வால்வை வைப்பதால் 1940களின் ஒலிப்பதிவுக்கூடம் திரும்பி வந்துவிடாது. ஆயினும், இப்பதிவுகளின் கரகரப்பையும் கூர்மையையும் சிறியதொரு வால்வுக் கருவி சற்றே மழுங்கச் செய்வதால், நீண்ட நேரம் கேட்டாலும் காது களைப்பதில்லை என்பது என் அனுபவம். உண்மையை அது கூட்டவில்லை. ஆனால் கேட்கும் நேரத்தைக் கூட்டியிருக்கிறது. கேளாமற் கிடந்த ஒலிநாடாக்கள் பலவற்றை இந்த மாதங்களில் மறுபடியும் கேட்டிருக்கிறேன். அவற்றுள் இடம்பெயர்ந்த நாட்களிலும் கைவிடாது தூக்கிச் சென்றவையும் உண்டு. அந்தத் தொகைக்கு நான் பெற்றது இதுவே என்று கணக்கு எழுதிக்கொள்கிறேன்.

வாங்க விரும்புவோருக்குச் சில சொல்ல வேண்டும். நகரில் வானொலி திருத்தும் முதியவர் ஒருவரிடம் நான் யோசனை கேட்டபோது, “ஐயா, வால்வைப் பார்த்து விலை பேசாதேங்கோ, தூக்கிப் பார்த்துப் பேசுங்கோ” என்றார். நுட்பமான வார்த்தை. இ.எல். 84 வால்வு ஏறத்தாழ 5,200 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. ஸ்பீக்கரோ 8 ஓம். இந்த இரண்டையும் இணைத்துவைப்பது வெளியீட்டு மின்மாற்றி. அதில் இரும்பும் செம்பும் போதாவிட்டால் தாழ்ந்த சுரங்கள் நலிந்துவிடும். மலிவுக் கருவிகளில் முதலில் குறைக்கப்படுவது அந்த இரும்புதான். ஆகவே கைக்குக் கனக்காத வால்வு அம்பிளிபயரை ஐயத்தோடு பார்க்க வேண்டும். வேறு சிலவற்றில் வால்வு வெறும் அலங்காரம். சிறு வால்வு ஒன்றை முன்னே நிறுத்தி, அதன் அடியில் செம்மஞ்சள் நிறச் சிறு விளக்கொன்றைப் பொருத்தி ஒளிரச் செய்துவிட்டு, உண்மையான வேலையை உள்ளே ஒரு சில்லுக்குக் கொடுத்திருப்பார்கள். அந்தச் சில்லு நன்றாகவே பாடும். ஆனால் வால்வென்று விலை கொடுக்க வேண்டியதில்லை.

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். 220 வோல்ட்டுக்கென அமைத்த கருவியில் இழைக்கு 6.3 வோல்ட்டுக்குப் பதிலாகக் கூடுதலாக ஏறும். மின்சாரம் உயர்ந்து நிற்கும் நள்ளிரவுகளில் இன்னும் ஏறும். வால்வின் ஆயுள் அதற்கேற்பக் குறையும். வாங்குமுன் பின்புறத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கருவியினுள்ளே 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் உண்டு. செருகியைக் கழற்றிய பின்னும் கண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். மூடியைத் திறப்பது பழகியவர்களின் வேலை. குழந்தைகள் உள்ள வீட்டில், சுடும் கண்ணாடிக்குமேல் கம்பிக் கூடு இல்லாத கருவி வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று வாட் பாட்டுக்காக அது சுவரிலிருந்து 50 வாட்டளவில் இழுத்துக்கொண்டு, மிகுதியைச் சூடாக அறைக்குள் விடுகிறது என்பதையும் கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி மாதத்தில் நீங்களே உணர்வீர்கள்.

கடலோர வீடுகளுக்கு ஒரு தொல்லை தனியாக உண்டு. உப்புக் காற்றில் வால்வின் கால்களும் அவற்றை ஏந்தும் குழிகளும் களிம்பேறி, ஒலியில் கரகரப்பை உண்டாக்கும். வால்வு பழுதாயிற்று என்று புதிதாக ஒன்று வாங்குமுன், கருவியை அணைத்து, செருகியைக் கழற்றி, குழல்கள் நன்றாக ஆறியபின், அவற்றை நேராக உயர்த்தி எடுத்துக் கால்களைத் துடைத்து மறுபடியும் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாடைக் காற்றோடு மழை பிடிக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில், நாள்தோறும் அரைமணி நேரமாவது கருவியை எரியவிடுவது நன்று. அந்தச் சூடு மின்மாற்றிகளில் ஈரம் தங்கவிடாது. அந்த அரைமணியில் செய்தியைக் கேட்டுக்கொள்ளலாம்.